நான்காவது ஷெட்

"வேற ஏதாச்சும் மருந்து எடுத்துக்கறீங்களா?"

சேலத்து ஆஸ்பத்திரியில் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா இதைக் கேட்டபோது, என் வீட்டுக்காரர் "ஒண்ணுமில்லீங்க" என்றார். நானும் "ஒண்ணுமில்லீங்க" என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி.

டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"லிவர் என்ஸைம் பல மடங்கு ஏறியிருக்கு. போன மாசம் நார்மல். மஞ்சள் காமாலை இல்ல, கண்ணும் வெள்ளையாத்தான் இருக்கு. ஆனா இந்த நம்பரோட மாத்திரையைத் தொடர முடியாது. நாளைக்குக் காலைலருந்து நிறுத்திடுங்க. வாரா வாரம் ரத்தம் பாப்போம். இறங்கினா மறுபடி யோசிக்கலாம்."

"இறங்கலைன்னாங்க?" என்று கேட்டேன்.

"அப்ப இந்த மாத்திரை இவருக்கு இல்லம்மா. வேற யோசிக்கணும்."

இந்த வாராந்திரப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவரைத் தெரியும். புதுச்சத்திரம் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். மூன்று ஷெட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகத்தில் புற்றுநோய் என்று வலது பக்கத்துச் சிறுநீரகத்தை எடுத்ததைப் பற்றி எழுதியிருந்தேன். நீங்களும் அன்பாகக் கடிதம் போட்டிருந்தீர்கள். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. சிறுநீரகத்தோடு போய்விட்டது என்று நாங்கள் நினைத்த நோய், போன வருஷம் நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தலைகாட்டியது.

ஏன் எழுதவில்லை? எழுதினால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். வேறு காரணம் கிடையாது.

புற்றுநோய் என்றால் ஊசி, டிரிப், மொட்டைத் தலை... இப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததோ மாத்திரை. வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். குறிவைத்துத் தாக்கும் மருந்து என்றார். கட்டி வளர்வதற்குத் தனக்கென்று ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ளுமாம். அந்த வேலையை இந்த மாத்திரை தடுத்துவிடுமாம். மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது புள்ளிகள் சுருங்கியிருந்தன. அன்றைக்குத்தான் நான் பல மாதத்துக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கினேன்.

அந்த மாத்திரையைத்தான் இப்போது நிறுத்தச் சொல்கிறார்கள்.

வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் மாத்திரை என்றால் சுலபம் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். சட்டதிட்டங்கள் மட்டும் ஒரு முழுப் பக்கம். வெறும் வயிற்றில் போட வேண்டும் – சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. மறந்துபோனால் அடுத்த வேளையில் சேர்த்துப் போடக் கூடாது. பிரஷர் ஏறும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிறு போகும். லிவரைத் தொடும், அதனால் மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. பம்ப்ளிமாஸ் பழம் கூடாது. டாக்டரைக் கேட்காமல் வேறு மருந்து, மூலிகை, எதுவும் கூடாது.

நான் அந்தத் தாளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பம்ப்ளிமாஸை என் ஆயுளில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் எதற்கு வம்பு என்று சாத்துக்குடியையும் நிறுத்தினேன். அப்புறம் எலுமிச்சை ஊறுகாயைப் பார்த்தால் சந்தேகமாக இருந்தது. அதையும் எடுத்து ஒளித்து வைத்தேன்.

டாக்டரம்மாவிடம் இவர் கேட்ட சந்தேகம் ஒன்றே ஒன்றுதான். "டீ சாப்பாட்டுல சேருமுங்களா?"

"பால் போட்ட டீதானே? சேரும்."

நாற்பது வருஷமாக எழுந்ததும் டீ குடித்தே பழகின மனுஷன். காலை ஆறு மணிக்கு மாத்திரை, டீ ஏழு மணிக்கு மேல் என்று முடிவானது. ஒரு வாரம்கூடத் தாங்காது என்று நான் மனதுக்குள் நினைத்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. எப்படி முடிகிறது என்று கேட்டேன்.

"இதுல என்ன இருக்குது? கோழிக்கும் இப்படித்தான். மருந்துத் தண்ணி உடறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் தண்ணிய நிறுத்திப்போடுவோம். அப்பத்தான் ஒழுங்கா உள்ள போவும். அந்தம்மா விவரமானவங்க."

ஒரு புற்றுநோய் மருத்துவருக்கு என் வீட்டுக்காரர் கொடுத்த உச்சபட்ச சான்றிதழ் அது.

அந்தச் செவ்வாய்க்கிழமை திரும்பி வரும் வழியில் காரில் நான் ரத்தப் பரிசோதனைத் தாளையே புரட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாத்திரை போட்டால் லிவர் கெடும். போடாவிட்டால் புள்ளிகள் வளரும். எதற்குப் பயப்படுவது? இரண்டுக்கும் சேர்த்துப் பயப்படுவது என்றால் அதை எப்படிச் செய்வது? வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையை மாற்றிக்கொண்டு பண்ணைக்குள் போய்விட்டார்.

சாப்பிடக் கூப்பிடலாம் என்று சாயங்காலம் தீவன ரூமுக்குப் போனேன். ஆள் அங்கே இல்லை. சுவரில் பண்ணைச் சார்ட் தொங்கியது. எல்லாப் பண்ணையிலும் இருக்கும். ஷெட் வாரியாக எடை, தீவனம், தண்ணீர், மருந்து, எச்சம் எப்படி, செத்தது எத்தனை என்று தினமும் எழுதுவார்கள். நான் அதை ஒழுங்காகப் பார்த்ததே கிடையாது. அன்றைக்கு மனம் எதிலும் நிற்காததால் சும்மா நின்று படித்தேன்.

ஷெட் 1. ஷெட் 2. ஷெட் 3. ஷெட் 4.

எங்களுக்கு நான்காவது ஷெட் கிடையாது.

பென்சிலில், இவர் கையெழுத்தில், சின்ன எழுத்தில் இருந்தது. ஷெட் 4: எண்ணிக்கை 1. எடை 68. காலை 6 – மாத்திரை, டிக். பிரஷர் இத்தனை. எச்சம் – இளக்கம், 3 தடவை. இறகு – வெளுப்பு.

இறகா? அப்புறம்தான் புரிந்தது. இந்த மாத்திரை முடியை நரைக்க வைக்கும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். இவருடைய கன்னங்கரேல் மீசை இரண்டே மாதத்தில் பஞ்சாகிவிட்டது. "வயசாகுதில்ல" என்று எங்கள் எல்லோரிடமும் சமாளித்தவர், சார்ட்டில் மட்டும் உண்மையை எழுதி வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் அடுத்த கட்டத்தைப் படித்தேன்.

லிவர் டானிக் – 15 மில்லி, காலை, மாலை.

தேதியைப் பார்த்தேன். அதற்கு முந்தின மாதத்து ரத்தப் பரிசோதனைக்கு மறுநாள் ஆரம்பித்திருக்கிறது.

அலமாரியில் ஐந்து லிட்டர் கேன் இருந்தது. மேலே ஒரு சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் படம். பக்கத்தில் நன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்த ஒரு எவர்சில்வர் டம்ளர்... கோழிக்கு எதற்குங்க டம்ளர்?

இவர் வந்தார். நான் கேனையும் டம்ளரையும் பார்த்தபடி நின்றதைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இது என்னங்க?"

"லிவர் டானிக்."

"யாருக்குங்க?"

மெதுவாகச் சொன்னார். "எந்த மருந்து கோர்ஸ் குடுத்தாலும் கூடவே லிவர் டானிக் குடுக்கோணும் புள்ள. இல்லாட்டி லிவர் அடிவாங்கும். அது பண்ணை வெச்சிருக்கற எல்லாத்துக்கும் தெரியும். அந்தம்மாவே லிவரைத் தொடும்னு சொன்னாங்க, ஆனா டானிக் எழுதல. மறந்துபோட்டாங்களாட்ட இருக்குதுன்னு..."

"பதினஞ்சு மில்லின்னு யார் சொன்னது?"

"கோழி எடைக்கு எவ்வளவுன்னு கேன்ல போட்டிருக்குது. என்ற எடைக்கு கணக்குப் போட்டேன். அதுலயும் பாதிதான். ஒத்தக் கிட்னிக்காரன்ல."

வந்த கோபத்தில் செல்போனை எடுத்தேன். பண்ணைக்கு வந்துபோகும் கோழி டாக்டருக்குப் போன் போட்டேன். தங்கமான தம்பி. விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா... லிவருக்கு எது நல்லதுன்னு அண்ணன் போன மாசம் கேட்டாருங்க. ரெண்டாம் ஷெட்டுக்குத்தான் கேக்கறாருன்னு நெனச்சு நான் சொன்னனுங்க. அது கோழிக்குங்க அக்கா. மனுசருக்கு எப்படின்னு எனக்குத் தெரியாதுங்க. உடனே நிறுத்தச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு நான் பேசிய பேச்சு இருக்கிறதே, மூன்று ஷெட் கோழிகளும் கேட்டிருக்கும். டாக்டர் கேட்டபோது ஏன் சொல்லவில்லை? வாயில் என்ன கொழுக்கட்டையா? இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அத்தன பேர் இருக்கற எடத்துல கோழி டானிக் குடிக்கறேன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு."

டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று போன வருஷம் இதே பத்தியில் எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? நிறையப் பேர் பாராட்டினீர்கள். வாட்ஸ்அப்பில் எனக்கே பல தடவை திரும்பி வந்தது. சொந்த வீட்டுக்காரர் படிக்கவில்லை, என்ன செய்ய?

ஆஸ்பத்திரி நம்பருக்குக் கூப்பிட்டேன். நர்ஸம்மா, "அந்த டானிக்கைக் கையோட எடுத்துட்டு நாளைக்கே வாங்க, வேற என்ன எழுதி வெச்சிருந்தாலும் கொண்டாங்க" என்றார். மறுநாள் காலையில் ஐந்து லிட்டர் கேன் ஒரு கையில், சுவரிலிருந்து கழற்றிய சார்ட் இன்னொரு கையில் என்று போய் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம் குனிந்து, "இது எந்த டாக்டருங்க எழுதறாங்க?" என்று கேட்டார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆவலாகவே எதிர்பார்த்தேன். அவர் முதலில் சார்ட்டைப் பிரித்தார். ரொம்ப நேரம் படித்தார். அப்புறம் செல்போனை எடுத்துப் போட்டோ பிடித்துக்கொண்டார்.

"அய்யா, பிரஷர், எடை, மோஷன், எல்லாம் தினமும் எழுதியிருக்கீங்க. என் பேஷண்ட்ல யாருமே இவ்வளவு ஒழுங்கா எழுதினதில்ல. டானிக் என்னைக்கு ஆரம்பிச்சீங்கன்னு தேதியோட இருக்கு. எனக்கு இது ரொம்ப உதவி." என்று சொல்லிவிட்டு, "எச்சம்" என்ற இடத்தில் விரலை வைத்து ஒரு தடவை சிரித்துக்கொண்டார்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நேற்று நான் திட்டியதெல்லாம் வீண்.

பிறகு டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கேனைத் திருப்பித் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். "இதுல என்னென்ன இருக்கு பாப்போம்... கீழாநெல்லி... கரிசலாங்கண்ணி..."

அதற்கு மேல் அவர் படித்தது எதுவும் என் காதில் விழவில்லை.

ஏனென்றால், எங்கள் கிணற்று மேட்டில் கீழாநெல்லி தானாக முளைத்துக் கிடக்கிறது. சேந்தமங்கலத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஒருவருக்கு மஞ்சள் காமாலையே அதில்தான் போனது என்பார்கள். லிவரைத் தொடும் மாத்திரை என்று டாக்டர் சொன்னாரா? அன்றிலிருந்து இல்லை... அதற்குக் கொஞ்ச நாள் கழித்து என்று நினைக்கிறேன்... ஒரு கைப்பிடி பறித்து, அரைத்து, மத்தியான மோரில் கலந்து இவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் கொத்தமல்லி என்று சொல்லியிருந்தேன். மூலிகை கூடாது என்ற தாளைப் பிரிட்ஜில் ஒட்டினது யார்? நான்தான். அந்தப் பிரிட்ஜைத் திறந்துதான் மோரை எடுத்தேன்.

அது எனக்கு மூலிகையாகவே தோன்றவில்லை. வீட்டில் செய்வது எப்படி மருந்தாகும்? நேற்று இரண்டு பேரும் சேர்ந்து "ஒண்ணுமில்லீங்க" என்றபோது நான் பொய் சொன்னதாக நினைக்கவே இல்லை. சத்தியமாக இல்லை.

"டாக்டர்," என்றேன். "நானும் ஒண்ணு குடுத்துட்டு இருந்தனுங்க."

மோர்க் கதையை முழுசாகச் சொல்லி முடித்தேன். இவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அதானா மோரு அந்தக் கசப்புக் கசந்துச்சு?"

"கசந்துச்சுன்னா சொல்ல வேண்டியதுதானுங்களே?"

"மாத்திரைல வாய் கசக்கும்னு அந்தம்மா சொல்லியிருந்தாங்க. அதான்னு நெனச்சேன். நீ ஆசையாக் குடுக்கறே, கசக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

டாக்டரம்மா பைலைப் புரட்டி, "வாய்க் கசப்பு" என்று அவரே எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு என்னிடம், "மோர் எந்தத் தேதிலருந்தும்மா?" என்று கேட்டார்.

எழுதுவதையே பிழைப்பாக வைத்திருப்பவள் நான். எழுதி வைக்கவில்லை.

இவர் என்னைப் பார்த்தார். நேற்று நான் பேசியதையெல்லாம் திருப்பிக் கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எதுனாலங்க டாக்டர் ஏறிச்சு?" என்று கேட்டேன். எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. டானிக் என்றால் இவர் மேல் பழி. மோர் என்றால் என் மேல். மாத்திரை என்றால் யார் மேலும் இல்லை... ஆனால் அப்போது மாத்திரை போய்விடும். எந்தப் பதிலுக்கு வேண்டிக்கொள்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"தெரியலம்மா. மாத்திரை மட்டுமே இப்படிச் செய்யும். டானிக் சேர்ந்ததால இருக்கலாம். மோர் சேர்ந்ததால இருக்கலாம். ஒண்ணும் சம்பந்தமில்லாமலும் இருக்கலாம். மூணும் ஒண்ணா உள்ள போயிருக்கு. இப்ப பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது. மூணையும் நிறுத்துவோம். காத்திருப்போம்."

காத்திருந்தோம்.

மாத்திரை இல்லாத காலைகள் எப்படி இருக்கும் தெரியுமா? மணி ஆறு அடிக்கும். கை தானாக அலமாரிக்குப் போய்த் திரும்பி வரும். தீவனத் தூசிக்கு இவர் ஒரு தடவை இருமினால், புள்ளி வளர்கிறதோ என்று அடுத்த இருமலுக்குக் காது கொடுத்து நிற்பேன். இவரானால் ஏழு மணி வரைக்கும் டீ கேட்கவே இல்லை.

"இப்பத்தான் மாத்திரை இல்லையேங்க. டீயக் குடிங்க."

"வேண்டாம் புள்ள. மறுபடி ஆரம்பிக்கறப்ப நேரம் கெட்டுப்போவும். பழக்கம் பழக்கமா இருக்கட்டும்."

மறுபடி ஆரம்பிப்போம் என்பதில் அவருக்கு இருந்த தெளிவில் பாதி எனக்கு இருந்திருந்தால், அந்த வாரங்களில் நான்கு முறை சாம்பாரில் உப்புப் போட மறந்திருக்க மாட்டேன்.

முதல் வாரம் பரிசோதனையில் அப்படியேதான் இருந்தது. இரண்டாம் வாரம் கொஞ்சம் இறங்கியது. மூன்றாம் வாரம் பாதிக்குக் கீழே. போன வாரம் போனபோது டாக்டரம்மா திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்... மறுபடி திரையைப் பார்க்கவில்லை. நான் அப்போதே மூச்சு விட்டேன்.

"தினமும் போட்ட ரெண்டு மாத்திரைக்குப் பதிலா ஒண்ணுல ஆரம்பிக்கலாம். வாரா வாரம் ரத்தம் கட்டாயம். இதோட மறுபடி ஏறினா மாத்திரைதான் காரணம்னு தெரிஞ்சுடும். ஏறலைன்னா..."

"ஏறலைன்னா எது காரணமுங்க?" என்றார் இவர்.

"அப்பவும் உறுதியாச் சொல்ல முடியாது. குறைச்ச டோஸ்கறதால ஏறாமலும் இருக்கலாமே." அவருக்கே பாவமாக இருந்ததோ என்னவோ, சிரித்துவிட்டார்.

அடுத்த மாதம் ஸ்கேன். நிறுத்தி வைத்த இடைவெளியில் புள்ளிகள் என்ன செய்தன என்று அப்போது தெரியும். பாதி அளவு மாத்திரை போதுமா? தெரியாது. குற்றவாளி டானிக்கா, மோரா, மாத்திரையா? தெரியாது. ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு ஏதாவது ஒரு முடிவு சொல்லியே பழகிவிட்டேன். இந்த வாரம் என் கையில் எதுவும் இல்லை. மன்னிக்கவும்.

தெரிந்தது ஒன்றுதான். ஒருவர் மேல் ஒருவர் வைத்த அக்கறையை இரண்டு பேரும் ஒளித்து வைத்தோம். ஒளித்ததில் மாத்திரை கிட்டத்தட்ட கைவிட்டுப் போயிருக்கும். கிளம்பும்போது டாக்டரம்மா வழக்கம்போல, "வேற ஏதாச்சும்?" என்று கேட்டார். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பல்பொடியிலிருந்து மீசைக்கென்று வாங்கி வைத்திருக்கும் சாயம் வரை எல்லாம் அதில் இருந்தது. சாயம் எனக்கே புதுச் செய்தி.

கேன் மறுபடி கோழிகளுக்குப் போய்விட்டது. சார்ட் மறுபடி சுவருக்குப் போய்விட்டது. நான்காவது ஷெட்டின் தீவனக் கட்டத்தில் இப்போது தினமும் என் கையெழுத்தும் இருக்கும்: மத்தியானம் மோர், ஒரு டம்ளர் – உப்பு, பெருங்காயம், வேறொன்றும் இல்லை.

இருந்தாலும், டம்ளரை வாயில் வைப்பதற்கு முன்னால் இவர் ஒரு தடவை என் முகத்தைப் பார்க்கிறார்.